ஏழாவது கேள்வி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஆரோக்கியசெல்வி பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தாள். பாதி சீட் காலி. "உக்காருங்க மேடம், நின்னா பஸ்ஸு ஜல்தியா போயிடுமா?" என்று கண்டக்டர் கிண்டல் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தோள்பையில் இருந்த ஒற்றைப் படிவம் கல்லாய்க் கனத்தது. அது அவள் தம்பி சவுரிராயனுடையது.

தண்டுவடக் காயம். இருபது வருடமாக அவள் வாழ்க்கை இந்த ஒன்றைச் சுற்றித்தான் ஓடுகிறது. கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். திண்டிவனத்தில் விலங்கியல் படித்து, சென்னையில் எலிகளோடு ஆராய்ச்சியைத் தொடங்கினாள். தண்டுவடம் அடிபட்ட எலிக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. காலையும் மாலையும் அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்திவிட வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றும் பூசை முடிந்ததும் முடியாததுமாக அதற்காக ஓடினாள். மரத்துப்போன ஒரு பின்னங்கால் லேசாய் அசைந்தால் போதும், அவளுக்கு அழுகை முட்டும். நான்கு ஆய்வுக்கூடங்கள் மாறினாள். அவள் மருந்து எதுவும் எலியைத் தாண்டி மனிதனிடம் வந்து சேரவில்லை.

பிறகுதான் வேறொரு கேள்வி அவளைப் பிடித்து ஆட்டியது. விழுந்ததால் போனது எவ்வளவு? தூக்கியதால் போனது எவ்வளவு?

மரத்திலிருந்து விழுந்தவனை நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். ஒருவர் அக்குளையும் ஒருவர் காலையும் பிடித்து, ஷேர் ஆட்டோவில் மடக்கித் திணிக்கிறார்கள். எல்லாம் பாசம்தான்! ஆனால் முறிந்த முதுகெலும்பு அப்படி மடங்கினால், மிச்சமிருந்த தண்டுவடமும் நசுங்கிவிடலாம். மூன்று வருடமாக மயிலம், திருவாமாத்தூர் என்று வீடு வீடாகப் போய் தண்டுவடம் அடிபட்ட இருநூற்றுப் பதினோரு பேரின் கதையைக் கேட்டுப் படிவத்தில் எழுதிவிட்டாள். பாக்கி ஒரே ஒரு பெயர்.

"அதை நான் எழுதிக்கினு வரட்டுங்களா மேடம்?" என்று உதவியாளர் கலையரசி கிளம்பும்போது கேட்டிருந்தாள்.

"வேணாம்மா. நானே போறேன்."

திண்டிவனத்து வீட்டில் சவுரி சக்கர நாற்காலியில் அமர்ந்து, யாருடைய மிக்சியையோ பிரித்துப் போட்டிருந்தான்.

"வாக்கா. ஊரையெல்லாம் கேட்டுட்டு, கூடப்பொறந்தவன் ஞாபகம் இப்பத்தான் வந்துச்சா? நான் எலியா பொறந்திருந்தா மொத நாளே வந்திருப்ப."

"வாயை மூடுடா. எங்கேருந்து விழுந்த?"

"கரும்பு லாரி மேலேருந்து. என்னமோ தெரியாத மாதிரி கேக்குற!"

"யார் தூக்கினாங்க?"

"டிரைவரும் நீயும்."

ஆறு கேள்விகள் முடிந்தன. ஏழாவதை அவள் மெல்லப் படித்தாள். தூக்குவதற்கு முன் காலில் உணர்ச்சி இருந்ததா?

"எனக்கு எங்க ஞாபகம்? தெரியலன்னு போடு."

'தெரியாது' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரே ஒரு கோடு கிழித்தால் போதும், இன்றோடு எல்லாம் மூடிவிடும். தம்பி தம்பியாகவே இருப்பான். பேனா அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்றது. ஆனால் இருநூற்றுப் பதினோரு வீட்டிலும் தூக்கிய தாய்மாரும் தகப்பன்மாரும் அவள் எதிரே தலைகுனிந்து உண்மையைச் சொல்லியிருந்தார்களே!

"இருந்துச்சுடா."

"என்னக்கா?"

"'காலு எரியுதுக்கா'ன்னு சொன்ன. கட்டைவிரலை ஆட்டுன, நான் பார்த்தேன். சீக்கிரம் கொண்டு போவணும்னு அக்குள்ல கையக் குடுத்துத் தூக்கி, ஆட்டோவுல உக்கார வெச்சேன். ஆஸ்பத்திரியில எறக்கும்போது ஆடல."

திருப்புளி அவன் கை நழுவித் தொடைமேல் விழுந்தது. அது அவனுக்கு உறைக்கவில்லை.

"தூக்காம இருந்திருந்தா நடந்திருப்பனா?"

"தெரியல. அதைத்தானே இத்தினி வருசமா தேடிக்கினு இருக்கேன். எலியைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன். இன்னும் தெரியலடா."

அவன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

"போயிடு" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"எங்க போற? பாதியில வுட்டுட்டுப் போனா அது கணக்குல சேருமா?"

"சேராது."

"இருந்துச்சுன்னு எழுது. தூக்குனது யாருன்னு கேட்டிருக்கே, அங்க உம்பேரை முழுசா எழுது."

எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் அவளைக் குத்திக்கொண்டு இறங்கியது.

"இன்னும் எத்தினி இருக்குது?"

"இருபத்தி நாலு."

"கேளு" என்றான், திரும்பாமலே.