சல்லி ஓட்டமும் அரைத் தேக்கரண்டி உப்பும்

திருகோணமலைப் பக்கம் நீண்ட தூரம் ஓட வரப்போகும் சிலர், வழியில் என்ன குடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். என் பதில் ஒரு பழைய பயணத்தில் இருக்கிறது. போர்க்காலம், தொண்ணூறுகளின் பிற்பகுதி. சித்திரைப் புத்தாண்டுக்குச் சல்லி என்ற கடலோரக் கிராமத்திலிருந்து நகரம் போய்த் திரும்பும் பதினாறு கிலோமீற்றர் ஓட்டம். முந்தைய இரண்டு வருடமும் பன்னிரண்டாவது கிலோமீற்றரில் கால் பிடித்து நின்றவள் நான். இம்முறையும் நின்றால் இனிப் பெண்களை அனுப்புவதில்லை என்று எங்கள் தம்பலகாமத்து விளையாட்டுக் கழகம் சொல்லிவிட்டது.

கழகத்தின் சட்டம் எளிது. காலையில் பச்சை முட்டையும் பால் விடாத பிளேன்ரீயும். ஓட்டம் முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடித்தால் வயிறு பிடிக்குமாம். சட்டத்தின் காவலர் கழகத் தலைவர், அதாவது என் அத்தான். அக்காவின் கணவரை வாயால் எதிர்க்க முடியாது, கணக்கெழுதும் கொப்பியில் எதிர்த்தேன். எட்டு வாரம் ஒரே வாய்க்கால் பாதையில் ஓடினேன். ஒரு ஞாயிறு அத்தானின் முறை; மறு ஞாயிறு இரண்டு மணித்தியாலம் முன்பே பேக்கரிப் பாணும் வாழைப்பழமும், கையில் உப்புச்சீனித் தண்ணீர். ஓடமுன்னும் பின்னும் நெல் நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். குடித்த நாட்களில் எடை அவ்வளவு இறங்கவில்லை, நேரமும் குறைந்தது.

ஓட்டத்துக்கு முதல்நாள் பகல் ஒன்றரைக்குப் பஸ். நகரம் இருபத்து நாலு கிலோமீற்றர்தான், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியதில் மூன்று மணித்தியாலம் போயிற்று. கடைசிச் சாவடியில் ஒரு சிப்பாய் என் வெள்ளைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மருந்து?"

"உப்பும் சீனியும், சேர். ஓடேக்க குடிக்க."

நம்பவில்லை. மண்ணில் கொட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது.

சல்லியில் தங்கியது கருவாடு போடும் பூமணி அக்கா வீட்டில். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"உப்புக்கோ அழுறாய்? எவ்வளவு வேணும்?"

"அரைத் தேக்கரண்டி, அக்கா."

"நாங்கள் கருவாட்டுக்குக் கைப்பிடி கைப்பிடியாப் போடுறனாங்கள், பிள்ளை."

கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் அளவு பிழையாகிவிடும். தூளாக இடித்துத் தந்தார். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சீனி, வாசனைக்குத் தேசிக்காய், அதாவது எலுமிச்சை.

காலை ஆறரைக்கு ஓட்டம், ஆண்களோடு அத்தானும் ஓடினார். பன்னிரண்டாவது கிலோமீற்றரில் வழியோரம் கெண்டைக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அத்தான். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வந்த போத்தலை நீட்டினேன்.

"வேண்டாம். வயிறு பிடிக்கும்."

"இப்ப பிடிச்சிருக்கிறது காலைத்தானே, அத்தான்?"

வாங்கி மிச்சம் முழுவதையும் குடித்தார். நான் ஓடினேன். அந்தக் கடைசி நாலு கிலோமீற்றர் போல நான் வாழ்க்கையில் ஓடியதில்லை. ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம், பெண்களில் இரண்டாவது. வெட்கம் பாராமல் கத்திச் சிரித்தேன்.

ஓட வருகிறவர்களுக்கு: ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். கால் பிடிப்புக்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று இன்றும் யாரும் அடித்துச் சொல்வதில்லை. என் கொப்பி எனக்குத்தான் சாட்சி. அளவுக்கு மிஞ்சியும் குடிக்காதீர்கள். எதையும் பயிற்சியில் சோதித்துப் பாருங்கள், போட்டி நாளில் புதிதாகத் தொடங்காதீர்கள்.

அடுத்த சித்திரைக்குக் கழகம் ஐந்து பெண்களை அனுப்பியது. ஐந்து பேரும் ஓடி முடித்தோம்.