பாதி படித்த லேபிள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஓர் அழகு நிலையம் இருக்கிறது. அதை நடத்தும் பெண் ஒரு நாள் காலை என் வாசலுக்கு வந்து, விரல் உயரப் பாட்டில் ஒன்றை நீட்டினார். போனில் வீடியோ பார்த்து வரவழைத்தாராம். முகத்தில் தடவினால் கரும்புள்ளி உரிந்து போய்விடுமாம்.

"கன்னிவாடிப் பொண்ணு ஒண்ணு வந்திருக்கு சார், அடுத்த வாரம் கல்யாணம். இதப் போடலாமா? செத்த பாத்துச் சொல்லுங்க."

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். லேபிளைப் படிக்காமல் எதையும் தொடாதே என்று ஆய்வகச் சுவரில் எழுதி மாட்டியவன். அன்று மூக்குக் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, நீளமான பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் படித்தேன். அசிட்டிக் ஆசிட். "வினிகர்தாம்மா, போடலாம்" என்று தீர்ப்பு வழங்கி அவரை அனுப்பிவிட்டு நாளிதழுக்குத் திரும்பினேன்.

உள்ளே இருந்த மனைவிக்கு அது கேட்டிருக்கிறது. "வினிகரா? அத மளிகைக் கடையிலயே பெரிய பாட்டில்ல தாரான். இம்புட்டூண்டு பாட்டில எதுக்குக் கூரியர்ல வாங்குறா?"

நியாயமான கேள்வி. அப்போதுதான் அந்தப் பெயரின் முன்பாதி மூளைக்கு வந்து சேர்ந்தது. ட்ரைகுளோரோ.

வினிகர் அமிலத்தின் ஒரு முனையில் மூன்று ஹைட்ரஜன்கள் இருக்கும். அந்த மூன்று இடங்களிலும் குளோரின் உட்கார்ந்தால், எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். மறுமுனை ஹைட்ரஜனின் பிடி தளர்ந்து, அது சுலபமாகக் கழன்றுகொள்ளும். அப்படிக் கழல்வதுதான் அமிலத்தின் வலிமை. அந்தப் பாட்டிலில் இருந்ததன் வலிமை வினிகரைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்; தோலையே வேகவைத்துவிடும். இந்த இழுப்பை வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டு, புரியாதவர்களைக் கிண்டலும் செய்திருக்கிறேன்.

செருப்புப் போடாமல் ஓடினேன்.

மணப்பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அழகு நிலையப் பெண் குழாயடியில் நின்று தன் மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு வைத்ததுபோல் தோலில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் சிவப்பு.

"வெங்காயத்துல ஊத்துறதா சார் இது? இந்த எரி எரியுது!"

"அக்கா, ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மணப்பெண், கண் திறக்காமலே.

"இன்னைக்கு உனக்குக் கடலமாவுதான்டி. பேசாம படு."

தண்ணீரை நிறுத்தாமல் விடச் சொன்னேன். அதைத்தான் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். பிறகு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நான் சொன்ன பிறகும் ஏன் கையில் வைத்துப் பார்த்தார் என்று வழியில் கேட்டேன்.

"யாரு சொன்னாலும் மொதல்ல என் கையிலதான் சார். அடுத்தவ மொகமில்ல அது?"

மிளகளவில் அந்தத் தழும்பு இன்றும் அவர் மணிக்கட்டில் இருக்கிறது. என் பேச்சை அப்படியே ஏற்காதவர்கள்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான் வந்திருக்கிறது. அவரைத் தெருவில் பார்க்கும்போது மட்டும், நல்லவேளை, என்னை நம்பாமல் விட்டாரே என்று மனம் நிம்மதியடைகிறது.