பெருநாள் முடியட்டும் என்றார்கள்

என் இரண்டாவது கலியாணம் மார்கழி மாதத்தில் நடந்தது. அதுவும் கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலத்தில், அதுவும் கறி தின்னக் கூடாத ஒரு வெள்ளிக்கிழமையில். இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் எங்கள் கோயில் பங்கில் முகம் சுளிக்க நாலு பேர் இருந்தார்கள். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். போட்டுக்கொள்ளட்டும். நான் எதற்கும் வருத்தப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் எங்கேயாவது என்னிடம் ஒரு பெருமூச்சை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. முதல் கணவர் மலைக்காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆறு வயதில் ஒரு மகள். போடியில் கணவரின் அண்ணன் வீட்டில், ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியை ஒட்டிய பின்னறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். மகள் அவரைப் பெரியப்பா என்பாள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏலக்காய் வியாபாரி, கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பவர். கிறிஸ்மஸ் குடிலுக்கு மூங்கிலும் சாக்கும் அவர் கிட்டங்கியிலிருந்துதான் போகும். குரலை உயர்த்த மாட்டார். முதல் மனைவி இறந்த ஆறாம் மாதம், தை பிறந்ததும், பாண்டு வாத்தியத்தோடு மறுபடி கலியாணம் செய்துகொண்டவர். ஊரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு மற்ற பெண்களோடு அவர் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பொறுக்குவேன். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடம் அவர் ஒரு முடிவு எடுத்தார். மகளை மதுரையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் சேர்ப்பது. "படிக்கட்டும் ஆத்தா. இங்கன கெடந்தா ஒன்னய மாதிரி காய் பொறுக்கத்தான் போவா" என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஆறு வயதுப் பிள்ளை, என் முந்தானையைப் பிடித்தால்தான் தூங்குவாள். உலகப் போருக்காகப் பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, மதுரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை ரயிலில் ஏற்றிவிடுவது என்று நாளும் குறித்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்.

ஜீப்புக்காரர் என்னிடம் பேசியதும் அந்த வருடம்தான். மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போய், திரும்பும்போது ஏலக்காய் லோடு கொண்டுவருபவர். ராசிங்காபுரத்துக்காரர், எங்கள் பங்குதான். முப்பத்தைந்து வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் இல்லாததால் அவருக்காகப் பெண் கேட்க ஆளில்லை, அவரே கேட்டார். மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மெட்டுக்கு மேல எஸ்டேட்டுல வேல போட்டுக் குடுத்துட்டாக. வீடும் உண்டு. பிள்ளையோட வர்றதா இருந்தா சொல்லுங்க."

'பிள்ளையோட' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சரி என்றேன். மற்றதெல்லாம் பிறகு வந்தது. நிறையவே வந்தது.

பங்குச் சாமியாரிடம் சொல்லி ஓலை வாசிக்க ஏற்பாடு செய்தோம். மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று வாசிப்பார்கள். என் பெயரை முதல் ஓலையில் வாசித்ததும் கோயில் முழுக்க ஒரே இருமல். பெரியப்பா இருமவில்லை. வீட்டுக்கு வந்து சாவகாசமாகச் சொன்னார்: "நல்ல காரியந்தான் ஆத்தா. நான் குறுக்க நிக்க மாட்டேன். பெருநாள் முடியட்டும்."

நான் கேட்டதற்கெல்லாம் அவரிடம் இதுதான் பதில். தையல் பழகப் போகட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முடியட்டும் என்றார். அது முடிந்ததும் மாதா திருநாள் வந்தது. எங்கள் வேதத்தில் திருநாளுக்கா பஞ்சம்? ஆனால் இந்த முறை அவர் சொன்னதில் வேறொரு கணக்கு இருந்தது. ஆகமன காலம் தொடங்கினால் கிறிஸ்மஸ் வரை கலியாணத்துக்குக் கதவு சாத்தியிருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். கதவு திறப்பது கிறிஸ்மஸுக்கு மறுநாள். அந்தக் காலையில்தான் என் மகள் ரயிலேறுகிறாள். போன பிள்ளையை, இன்னொருத்தனைக் கட்டிக்கொண்ட பிறகு, எந்த வாசலில் போய்த் திருப்பிக் கேட்பேன்? ஒரு சொல் மறுக்காமலே அவர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார்.

உபதேசியாரிடம் போனேன். கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், எனக்கும் சொல்லிக்கொடுத்தவர்.

"ஆகமன காலத்துல கலியாணமா? நீயெல்லாம் ஞானோபதேசம் படிச்சவதானா?"

"படிச்சதாலதான் கேக்குறேன். கலியாணம் கூடாதுன்னு போட்டிருக்கா, ஆடம்பரம் கூடாதுன்னு போட்டிருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான். போ, போய்ச் சோலியப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் அக்காவுக்கு வேறு கவலை. "மார்கழியில தாலி ஏறுனா வெளங்குமாடி? பீடை மாசம்."

"எக்கா, நாம வேதக்காரங்க. நமக்கு ஏது பீடை மாசம்?"

"வேதத்துல சேந்துட்டா மாசம் மாறிருமாக்கும்?"

சிரித்துவிட்டேன். கழுத்தில் செபமாலையும் மடியில் பஞ்சாங்கமுமாகத்தான் நாங்கள் பிழைத்தோம். இரண்டில் எது எங்களைக் கட்டிப்போட வசதியோ, அதை அன்றைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. நேராகச் சாமியாரைப் பார்க்கப் போனேன். கோயிலில் குடில் வேலை நடந்துகொண்டிருந்தது. களிமண்ணும் கரித்தூளும் கரைத்த தண்ணீரில் பெரியப்பாவின் ஏலக்காய்ச் சாக்குகளை முக்கி, மூங்கில் மேல் போர்த்தி மலை செய்துகொண்டிருந்தார்கள். பெத்லகேம் முழுக்க ஏலக்காய் வாசம். ஜீப்புக்காரர் மெட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட பாசி ஒரு மூலையில் ஈரமாகக் கிடந்தது. ஆகமன காலம் என்பதால் பீடத்தில் பூ இல்லை, ஊதாத் துணிதான். ஆர்மோனியப் பெட்டியை மூடிவைத்திருந்தார்கள். சாமியார் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மூன்று ராசாக்களின் ஒட்டகத்துக்கு உடைந்த காலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, மூணு ஓலையும் ஆயிருச்சு. தடைன்னு யாரும் வரல. வர்ற வெள்ளிக்கிழம காலப் பூசைக்கு முன்னாடி கட்டிவச்சிருங்க."

"பெருநாள் முடியட்டுமேம்மா."

அவர் வாயிலும் அதே பேச்சு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "கூடாதா, வேண்டாமா சாமி? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். லத்தீன். விரலை வைத்து வைத்து வாசித்தார். அவர் நேர்மையானவர், அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"கூடாதுன்னு இல்லம்மா. கலியாணம் எப்ப வேணாலும் செய்யலாம். பூசையில பொண்ணு மாப்பிள்ளைக்குக் குடுக்குற பெரிய ஆசீர்வாதம் மட்டும் இந்தக் காலத்துல கிடையாது. அது இல்லாமப் போயிருமேன்னுதான் பொறுக்கச் சொல்றது."

"பொறுத்தா எனக்கு அது கெடைக்குமா?"

பக்கத்தைத் திருப்பினார். பிறகு நிமிர்ந்து என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். "உனக்கு முதல் கலியாணத்துலயே குடுத்தாச்சில்ல. பொம்பளைக்கு அது ஒரு தடவதான்."

"ஆம்பளைக்கு?"

"கட்டிக்கிற பொண்ணு புதுசா இருந்தா..." என்று இழுத்தார். "உண்டு."

அப்படியென்றால் பெரியப்பாவுக்கு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்ப எனக்குத் தையிலயும் கிடையாது, மார்கழியிலயும் கிடையாது. எந்த மாசத்துலயும் கெடைக்காத ஒண்ணுக்கு நான் எதுக்கு சாமி காத்துக் கெடக்கணும்?"

அவர் ஒட்டகத்தின் காலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சனங்க பேசுவாங்கம்மா."

"பேசாம இருந்த நாளு எது?"

கடைசியில், "வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு வந்துருங்க. மேளம் கூடாது, பூ கூடாது" என்றார்.

"நான் எப்ப சாமி மேளம் கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னைக் கழித்துக்கட்டிய சட்டம்தான் எனக்கு வழியும் விட்டது. அதற்காக நான் நன்றி சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை மகளிடம் விவரம் சொன்னேன். நாளைக் காலையில் கோயில், அங்கிருந்து நேராக ஜீப்பில் மலைக்கு. அவள் கலியாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஜீப்புல நமக்கு எடம் இருக்குமாம்மா?"

"இருக்கும்."

"நெறைய ஆளு ஏறிட்டா?"

பஸ்சு வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களை அவள் வாய் பிளந்து பார்ப்பாள். துண்டு கிடந்த இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். நான் பாத்திரங்களைக் கட்டும் அவசரத்தில், "எடமெல்லாம் இருக்கும், பேசாமப் படு" என்று அதட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மலை தெரியவில்லை, அவ்வளவு பனி. அக்கா வீட்டில் வைத்து வெள்ளைச் சேலையை அவிழ்த்து மூட்டைமேல் போட்டுவிட்டு, ஜீப்புக்காரர் வாங்கிக்கொடுத்த பச்சை நூல் சேலையைக் கட்டிக்கொண்டேன். பீடை மாசம் என்று சொன்ன அதே அக்காதான் எனக்குச் சாட்சி. "வெளங்காதுன்னு சொன்னேன்தான். அதுக்காக ஒன்னயத் தனியா விட்ருவேனா?" என்று என் கொண்டையை இறுக்கி முடிந்தாள். இன்னொரு சாட்சி கோயில்பிள்ளை, மணியடித்துவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார். கோயில் வாசலில் ஜீப்பு நின்றது. மூட்டை முடிச்செல்லாம் அதில் ஏற்றியாயிற்று. பூசை முடிவதற்குள் எஸ்டேட் ஆட்கள் வந்து ஏறிவிடுவார்கள்.

பாதி மலையாக நின்ற குடிலுக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தினார் சாமியார். முதலில் ஜீப்புக்காரரிடம் கேட்டார், அவர் சம்மதம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார். நான் மகளைப் பார்க்கத் திரும்பினேன். அக்காவின் பக்கத்தில் பிள்ளை இல்லை.

வாசலுக்கு வெளியே, பனியில், பெரியப்பாவின் வெள்ளை வேட்டி தெரிந்தது.

சாமியார் இரண்டாவது தடவை கேட்டார். என் காலிரண்டும் வெளியே ஓடத் துடித்தன. ஓடினால் கலியாணம் இல்லை. கலியாணம் இல்லாவிட்டால் நான் அந்தப் பின்னறை விதவைதான், பிள்ளையைத் தா என்று கேட்க எனக்கு வீடும் இல்லை, வாசலும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை. "சம்மதம்" என்றேன். தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். கோயிலில் அப்படி ஒரு சத்தத்தைச் சாமியார் கேட்டிருக்க மாட்டார். சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை ஜீப்புக்காரர் கட்டி முடித்தார். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேனா, கிறுக்கினேனா தெரியாது. ஓடினேன்.

ஜீப்பின் பின்பக்கம் முழுக்க எஸ்டேட் ஆட்கள். முன் சீட்டில் என் மகள், கண்ணாடிக்குக் கீழே இருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெரியப்பா பக்கத்தில் நின்று அதே தணிந்த குரலில் அழைத்துக்கொண்டிருந்தார்: "எறங்கு தாயி. பெருநாளுக்குப் பட்டுச் சட்ட தச்சிருக்கு. பெரியப்பாட்ட வா."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பின்னால் இருந்த ஒரு பெண், "அப்பயிருந்து ஒருத்தரையும் முன்னால ஒக்கார விடமாட்டேங்குது இந்தப் பிள்ள" என்று முணுமுணுத்தாள்.

என்னைக் கண்டதும் பெரியப்பா திரும்பினார். "ஆசீர்வாதம் இல்லாத கலியாணம் ஆத்தா. நாளைக்கு ஒரு கேடு வந்தா யாரக் கேப்ப?"

"ஒங்களுக்குத்தான் ரெண்டு தடவ குடுத்திருக்காகளே. அதுல ஒண்ணு என்னோடதுன்னு நெனச்சுக்கிறேன்."

அவர் முகம் கறுத்தது. முதல்தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "அது எங்க வீட்டுப் பிள்ள!" பூசைக்கு வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை கண்ணும் தன் மேல் விழுந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். ஊர் பார்க்கிறதே என்று நான் மூன்று வருடம் ஒடுங்கினேன். அன்றைக்கு ஒரு நிமிடம் அவர் ஒடுங்கினார்.

ஜீப்புக்காரர் மறுபக்கம் ஏறி வண்டியைக் கிளப்பினார். மலைக்கு மேலே போய்வந்து அவர் பேச்சில் மலையாளம் ஒட்டியிருக்கும். பிள்ளையைப் பார்த்து, "பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்பது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, கம்பியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் ரயில் அவள் இல்லாமல் மதுரைக்குப் போனது.

கம்பியிலிருந்து எடுத்த அந்தக் கையால் தன் பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டினாள். என் வெள்ளைச் சேலையை மூட்டைமேலிருந்து உருவி, சீட்டை மூடி நன்றாக விரித்துப் போட்டிருந்தாள்.

"வெரசா ஏறும்மா. ஒனக்கு எடம் புடிச்சு வச்சிருக்கேன்."

நான் அதை எடுத்து மடிக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்தேன்.