அப்பாவுக்குப் போட்ட அட்டவணை

மூத்திரத்தைக் காய்ச்சும்போது எழும் ஆவி துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் அது வேலையோடு வரும் வாடை. கையைக் கழுவி மேலங்கியைக் கழற்றினால் தீர்ந்தது. அதையே வீட்டுக் கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில், நான் குடிக்கும் காப்பிக்கு முன்னால் தினமும் செய்ய வேண்டி வந்தபோதுதான் குமட்டல் என்றால் என்னவென்று தெரிந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் பரிசோதனைக்கூடப் பயிற்சியை முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வெங்காய மண்டியில் தரகர். நாகல் நகரில் வீடு. நான் ஒரே பெண். அப்பாவின் வலது கால் சுண்டுவிரலைப் புதுச் செருப்பு கடித்து, அந்தப் புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சந்தேகப்பட்டு அவருடைய மூத்திரத்தை நானே சோதித்தேன். ஐந்து மில்லி நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மிக அதிகமானால் செங்கல் சிவப்பு. அப்பாவுக்குச் செங்கல் பொடியைக் கரைத்தது போல் வந்தது.

தினமும் ஊசி போட்டுக்கொள்ள அப்பா சம்மதிக்கவில்லை. எங்கள் டாக்டர் அலுத்துக்கொண்டே சொன்னார்: "அப்படின்னா சாப்பாடும் நடையும்தான். மூணு மாசம் பார்ப்போம். சர்க்கரை இறங்கினா புண் ஆறும். இறங்கலேன்னா விரலை எடுக்கணும். விரலோட நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அன்று மாலையே பெரிய வரைதாள் வாங்கிக் கோடு போட்டேன். தேதி, மூன்று வேளைச் சாப்பாட்டின் அளவு, நடந்த நேரம், சமைத்தது யார், சோதனையில் வந்த நிறம். 'சமைத்தது யார்' என்று ஒரு கட்டம் எதற்கு என்றால், நான் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுவேன், அம்மா தூக்கிலிருந்து நேராகச் சாய்ப்பாள். அந்த வித்தியாசம் நிறத்தில் தெரிகிறதா என்று பார்க்க நினைத்தேன். மாதத்தில் மூன்று நாள் அம்மா வீட்டுக்கு விலக்காகிப் பின்பக்கச் சாய்ப்பில் உட்காருவாள். அப்போது சமையல் என்னுடையது.

நடைதான் முதலில் மானத்தை வாங்கியது. அந்த நாளில் விடியற்காலையில் ஓர் ஆண் குளத்துக்கரைப் பக்கம் போனால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. நேரம் குறிப்பதற்காக முதல் நாள் நானும் கூடப் போனேன். மறுநாள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. கரை முழுக்க ஆட்கள் குந்தியிருந்தார்கள். காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. மூக்கை முந்தானையால் மூடினேன். முந்தானைக்குள்ளும் அதே நாற்றம். பற்குச்சியை மென்றுகொண்டே எதிரில் வந்த எங்கள் தெருக்காரர் அப்பாவின் கைகளைப் பார்த்தார்.

"என்ன மாமா, செம்பக் காணோம்?"

"சும்மா நடக்கப் போறேன்ப்பா."

"சும்மாவா? எங்குட்டு?"

"எங்குட்டும் இல்ல. அந்த மதகு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாரேன்."

"திரும்பி வாரதுக்கு எதுக்கு மாமா போகணும்?"

மறுநாளிலிருந்து அப்பா கையில் ஒரு செம்போடு போனார். அரை மணி நேரம் கணக்காக வர அவர் கரையை இரண்டு முறை சுற்ற வேண்டும். இரண்டாம் சுற்றைப் பார்த்த அதே தெருக்காரர் வீட்டிலிருந்து, பகல் பத்து மணிக்கு மாதுளந்தோல் கசாயம் வந்தது. "மாமாவுக்கு வயித்தால போகுதாமே" என்று கொண்டுவந்த அக்கா கேட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் தாடிக்கொம்பு ரோட்டுக்கு நடையை மாற்றினேன்.

சாப்பாடு அதைவிட மோசம். காலையில் பாகற்காய்ச் சாறு. அப்பா அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பச்சை நுரை மீசையில் நிற்க என்னை முறைப்பார். மதியம் மண்டிக்குப் போகும் தூக்குச்சட்டியில் ஆழாக்கு அரிசிச் சோறு, அதற்குமேல் ஒரு பருக்கை கிடையாது, கீரையும் மோரும் நிறைய. இரவு கேழ்வரகுக் களி. களியை அவர் உருட்டி, வெஞ்சனத்தில் புரட்டி, தொண்டையில் தள்ளும் ஓசை எனக்கு ஆகாது. கிழங்கு, வெல்லம், சீனிச் சேவு எல்லாவற்றையும் நீக்கினேன். அப்பா வைத்ததைச் சாப்பிட்டார். அம்மாதான் பேசினாள்.

"அடுப்படிக்குப் பத்தடியில மூத்திரத்தக் காய்ச்சுற பொம்பள இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்டி. உன்னயக் கட்டிக்கிறவன் காப்பியக் குடிப்பானாக்கும்!"

முதல் பத்து நாள் சிவப்பும் ஆரஞ்சுமாக வந்தது. ஒரு நாள் கோபம் பொறுக்காமல், சிவந்த குழாயை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்க, நல்லாப் பாருங்க, இதுதான் ஒங்க ஒடம்புக்குள்ள ஓடுது" என்று ஆட்டினேன். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மண்டியில் நாலு பேருக்கு நியாயம் சொல்லும் மனிதர்.

அதற்கு அடுத்த வாரம் பச்சை வந்தது. பிறகு நீலம். விடிகாலையில் அப்பா பழைய இருமல் மருந்து பாட்டிலை நிரப்பித் துவைகல்மேல் வைத்துவிட்டுப் போவார். நான் கொதிக்க வைப்பேன். நீலம், நீலம், மறுபடி நீலம். அட்டவணையில் அந்தக் கட்டங்களை நீலப் பென்சிலால் தீட்டினேன். எனக்கு என்மேல் இருந்த மதிப்பை நினைத்தால் இன்று கூசுகிறது. அந்தத் திருப்தியில் இரவுக் களியை விட்டு வாரத்தில் இரண்டு நாள் தோசைக்கு இடம் கொடுத்தேன்.

ஆனால் விரல் ஆறவில்லை. இரண்டாம் மாதக் கடைசியில் அது கறுக்கத் தொடங்கியது. மண்டியில் அடிமூட்டை வெங்காயம் நசுங்கி அழுகி நீர்விட்டால் ஒரு நாற்றம் வருமே, அது அப்பா காலை மடக்கி உட்கார்ந்தால் கூடம் முழுக்க வந்தது. முதலில் கரைசலின்மேல் சந்தேகப்பட்டேன். கரைசலைப் புதிதாகத் தயாரித்து, குளுக்கோஸ் தண்ணீரில் சோதித்தேன். பளிச்சென்று சிவந்தது. கரைசலில் தப்பில்லை.

டாக்டரிடம் காட்ட அட்டவணையை நல்ல தாளில் எழுதி எடுக்க உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் கடைசி இரண்டு கட்டங்களும் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டன. நீலம் வரத் தொடங்கிய பிறகு மூன்று நாள் நிறமே குறிக்கப்படவில்லை. 'மறந்துட்டேன் தாயி, வெளியவே போயிட்டேன்' என்று அப்பா சொன்ன நாட்கள். நாலு வாரம் கழித்து மறுபடி மூன்று நாள். அந்த ஆறு நாளுக்கும் 'சமைத்தது யார்' என்ற கட்டத்தில் 'நான்' என்று எழுதியிருந்தது. அம்மா சாய்ப்பில் உட்கார்ந்திருந்த நாட்களில் மட்டும் அப்பாவால் பாட்டிலை நிரப்ப முடியவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தேன். ஒன்றரை மாதமாக யாருடையதைக் கொதிக்க வைத்து மூக்கருகில் பிடித்து நிறம் பார்த்து மகிழ்ந்தேன் என்று புரிந்ததும் வாயில் உமிழ்நீர் ஊறியது. கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாட்டில்ல இருக்கிறது யாருது?"

"என்ன கேள்விடி இது?"

"யாருது?"

முறம் நிற்கவில்லை. "என்னுது. இப்ப அதுக்கென்னங்கிற?"

"எதுக்கும்மா?"

"நீ குழாயத் தூக்கி அவுக மூஞ்சிக்கு நேரா ஆட்டுனியே, அன்னிக்குக் கைகட்டி நின்னாக. பெத்த மக முன்னால. எனக்குப் பாக்க ஏலல. நீலமா வந்தா நீயும் சிரிச்ச, அவுகளும் நிம்மதியா இருந்தாக."

"மத்தியானம் மண்டிக்குத் தூக்குச்சட்டியில என்ன போச்சு?"

"சோறுதான். ஆழாக்குச் சோத்த வச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் வெயில்ல நிக்க முடியுமாடி?"

"காலே போயிரும்மா. அந்த வெரல மோந்து பாத்தியா நீ?"

முறம் நின்றது. "தெனமும் அதக் கழுவுறது நாந்தானடி."

மறுநாள் காலை கொல்லை வேலியோரம் அப்பா முதுகைக் காட்டி நின்றார். நான் துவைகல்லருகில், வேறு பக்கம் திரும்பி, காத்திருந்தேன். அவர் இருமினார், தும்மினார், வெகுநேரம் எதுவும் வரவில்லை. "நீ செத்த நேரம் உள்ள போ தாயி" என்றார். "போகமாட்டேன்" என்றேன். கடைசியில் பாட்டிலைக் கல்மேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். சூடு பட்டதும் சிவந்தது. அடியில் செங்கல் தூள் போல் தங்கியது.

அந்த வாரமே விரலை எடுத்தார்கள். ஊசிக்கும் அப்பா ஒப்புக்கொண்டார். எடுத்ததை எனாமல் தட்டில் பஞ்சு போட்டு மூடிக்கொண்டு நர்ஸ் என் மேசையைத் தாண்டிப் போனாள். ஒரு கத்தரிக்காய்க் காம்பு அளவுகூட இருக்காது. இன்னும் பதினைந்து நாள் விட்டிருந்தால் பாதத்தில் கத்தி வைத்திருப்பேன் என்றார் டாக்டர். புண் இன்னும் மூடவில்லை, சர்க்கரை இறங்காவிட்டால் அடுத்தது அதுதான் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த அன்று இரவு, நான் மறுபடி ஆழாக்கையும் தாளையும் எடுத்தேன். அப்பா கட்டுப்போட்ட காலை நீட்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒன்னு சொல்லவா தாயி? ஒரு வீட்டுல ஒருத்தனுக்குக் களியும் ரெண்டு பேருக்குச் சோறுமா வச்சா, அவன் திருடத்தான் செய்வான். நீ நெய்ய ஊத்திப் பெசையிற. நான் எதிர்க்க ஒக்காந்து களிய முழுங்குறேன்."

அத்தனை கட்டங்கள் வரைந்த எனக்கு என் தட்டுக்கு ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை. அம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டு, மூன்று தட்டிலும் களியை வைத்தாள். கறுத்து, பளபளத்து, ஆவி பறந்தது. நான் ஓர் உருண்டையை வாயில் போட்டு மென்றேன். பல்லிலும் மேலண்ணத்திலும் அப்பிக்கொண்டது. ஈரமண்ணைத் தின்பது போலிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மெல்லக் கூடாது தாயி, முழுங்கணும்" என்றார் அப்பா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன். "பயிற்சியெல்லாம் எடுத்துருக்க, இது தெரியலயே!"

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அம்மா அடுத்த உருண்டையை என் தட்டில் வைத்தாள்.