ராகுகாலம் பார்த்து ஒரு சர்வமதப் பிரார்த்தனை

போன மாதம் என் மனைவி ஜெயாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். (நல்லபடியாக முடிந்துவிட்டது. பதறாதீர்கள்.) அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் கார் பார்க்கிங்கில் ஒரு சர்வமதப் பிரார்த்தனை வைத்தேன்.

எம்மதமும் சம்மதம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன்! சொந்த வீட்டுக்கு ஒன்று என்றால் ஒரு தடவையாவது செய்துகாட்ட வேண்டாமா?

ஏற்பாடெல்லாம் நானே. வேதம் சொல்ல வடக்கு மாடவீதி சாஸ்திரிகள். ஜெபம் செய்ய இரண்டாவது மாடி ஸ்டெல்லா டீச்சர். துவா ஓத எதிர் ஃப்ளாட் நசீர் பாய் — தி. நகரில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். ஜெயாவுக்கு முதலில் நெஞ்சு வலி வந்தபோது காரை எடுத்துக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

நேரம்? பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். மூன்று மணிக்கு எமகண்டம். ஆபரேஷன் விஷயம், ரிஸ்க் எடுக்க முடியுமா? பன்னிரண்டே முக்கால் என்று குறித்தேன். பேஷான நேரம்!

"வெள்ளிக்கிழமை மதியமா சார்?" என்று நசீர் பாய் இழுத்தார்.

"அட, வந்துடுங்கோ பாய்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டேன்.

அன்று எல்லோரும் வந்தார்கள். அவருடைய நாற்காலி மட்டும் காலி. எனக்குச் சுருக்கென்றது. கையில் மைக் வேறு... சும்மா இருப்பேனா?

"நாற்காலி போடறதுதான் நம்ம கையில இருக்கு. வந்து உட்கார்ற மனசு அவங்கவங்களுக்கா வரணும்" என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். எனக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் போனது. வீடியோ உடனே ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறிவிட்டது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். இரண்டு மணி வாக்கில் காலிங் பெல். வெள்ளை ஜிப்பா, தொப்பி, கையில் பேரீச்சம்பழப் பாக்கெட் — நசீர் பாய்.

"ஜும்மா முடிஞ்சு நேரா வர்றேன் சார். தொழ வைக்கிற ஹஸ்ரத்கிட்ட மாமி பேரைச் சொன்னேன். அத்தினி பேரும் கையேந்தி துவா கேட்டாங்க. இன்னா கூட்டம் இன்னிக்கு, தெரு வரைக்கும் நிக்கிறாங்க! மாமிக்கு ஒண்ணும் ஆவாது சார், பயப்படாதீங்க."

ஜும்மா! வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போவது எனக்குத் தெரியாதா என்ன? வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். "வர்றச்சே அப்படியே வெத்தலை வாங்கிண்டு வந்துடுங்கோ பாய்" என்று பள்ளிவாசலுக்குக் கிளம்புகிறவரிடம் காசு கொடுத்து அனுப்பியவனே நான்தானே?

மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாரா வாரம் ஊருக்கு உபதேசம் எழுதுகிற கையை நீட்டிப் பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவரே சொன்னார். "வீடியோ பார்த்தேன் சார். எனக்கும் ஒரு சேர் போட்டு வச்சிருந்தீங்க. தேங்க்ஸ்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நன்றி சொன்னார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்!

"மன்னிச்சுடுங்கோ பாய்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"விடுங்க சார், மாமியைப் பாருங்க" என்று எதிர்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேரீச்சம்பழத்தோடு உள்ளே போனேன். கட்டிலில் படுத்திருந்த ஜெயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"எங்கேயோ இருக்கற ராகுவுக்கும் எமனுக்கும் நேரம் பார்த்தேளே... எதிராத்துல இருக்கற பாய்க்குப் பார்த்தேளா?"