ரேடியேற்றருக்குள் கடல்

புதுக் கார் வழியில் நிற்காது என்று என் கணவர் சொன்னபோது நானும் பைத்தியக்காரி மாதிரி நம்பினேன். வாங்கி ஆறு மாதமும் ஆகவில்லை. இருக்கைகளின் பொலித்தீன் உறையைக் கழற்றினால் புதுசு போய்விடும் என்று, முதுகு வேக வேக அதன்மேலேயே இருந்து போய்வந்தோம். அந்தக் கார் கிண்ணியாத் துறையில் ஆவி விட்டுக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கார் வாங்கியதே என் அப்பாவுக்காகத்தான். அம்மா போனபிறகு அவர் கட்டைபறிச்சானில் தனியே இருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தும் விட்டார். திருகோணமலைக்கு வந்து எங்களோடு இருங்கோ என்று கெஞ்சினேன், அழுதேன், ஏசியும் பார்த்தேன். மூதூரில் லாஞ்சிப் படகு ஏறினால் குடாவைக் கடந்து வந்துவிடலாம். ஆனால் அப்பா அந்த லாஞ்சியை ஆயுள் முழுக்க ஓட்டியவர். "இன்னொருத்தன் சுக்கான் பிடிக்க, நான் சாக்கு மூட்டை மாதிரிக் குந்தியிருந்து வாறதோ? ஏலாது பிள்ளை." பஸ்ஸும் ஆகாது. பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால், போக்கிடமில்லாமல் மகள் வீட்டுக்குப் போகிற கிழவன் என்று ஊர் கதைக்குமாம். கடைசியில், "கார் கொண்டு வா, வாறன்" என்றார். இவர்களிடம் எங்கே கார் வரப்போகிறது என்ற துணிவு! ஆனால் இறக்குமதியைத் திறந்துவிட்ட காலம் அது. துறைமுகக் கந்தோரில் வேலை செய்த என் கணவர் ஒரு ஜப்பான் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அப்பா நாள் பார்த்து நாள் பார்த்துச் சில மாதம் இழுத்தார்; பிறகு சாட்டுச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

கூட்டிவரப் போன அன்று, வெள்ளை வேட்டி கட்டி, அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். வழியெல்லாம் துறைகள். வாகனத்தை ஏற்றி அக்கரைக்கு இழுக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். ஒவ்வொரு பாதைக்கும் வெயிலில் காத்துக் கிடந்து, கடைசியாகக் கிண்ணியாத் துறைக்கு வந்தபோது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் நின்றது. பொனற்றைத் தூக்கினால் ஒரே ஆவி. கீழே தண்ணீர் ஒழுகி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு உடைந்திருந்தது. ஆறு மாதத்துக் காரில்! கம்பனிக்காரனை என் வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்தேன். என் கணவர் எதற்கும் பதறாத மனிதர். "ஆறட்டும். நல்ல தண்ணி கொண்டுவந்து கொஞ்சங் கொஞ்சமா விடுவம்," என்றார். இரண்டுபேருமாகப் பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது அப்பா கையில் பாதைக்காரரின் வாளி. துறையின் கடல் தண்ணீரையே அள்ளி, ரேடியேற்றரின் வாய் நிறைய ஊற்றி முடித்திருந்தார். லாஞ்சி எஞ்சின் கடல் தண்ணீரை இழுத்துத்தான் தன் சூட்டைத் தணிக்கும். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வைத்தியம் அது.

"நல்லாக் குடிச்சுது, தம்பி. பாவம், சரியான தாகம்," என்றார்.

அந்த நேரம் எஞ்சினுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். என் கணவரின் முகம் செத்துப் போயிற்று. கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டு எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வெடித்துவிட்டது. அதிலும் உப்புத் தண்ணீர்.

நான் வாயைத் திறந்தேன். கணவர் என் கையை இறுக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். "ஒண்டும் சொல்லாதையும். தான்தான் உடைச்சதெண்டு தெரிஞ்சால் மாமா இந்தக் காரில இனி ஏறமாட்டார். கிணத்தடியில விழுந்துதான் சாவார்." சரியான பேச்சு. வந்த ஏச்சை அப்படியே விழுங்கினேன். நான் ஏச்சை விழுங்கிய வரலாறே அதற்கு முன்பு இல்லை.

"கார் சுகமாகட்டும், வாறன்," என்று அப்பா மூதூர்ப் பக்கம் போன லொறியில் பெட்டியோடு ஏறிப் போய்விட்டார். எங்கள் காரை ஒரு டிராக்டர் இழுத்து வந்தது. தெருவில் சனம் நின்று பார்த்தது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வியர்த்து வழிய உள்ளே இருந்தேன்.

பிறகு கொழும்புக்கு அலைச்சல். பம்பு உடைந்தது தங்கள் பிழை என்று கம்பனியின் மனேஜர் ஒப்புக்கொண்டார். ஆனால் ரேடியேற்றருக்குள் உப்புப் பொருக்கைக் கண்டதும் ஆள் மாறிவிட்டார். "கடல் தண்ணி ஊத்தினது ஆர்?"

"நான்தான்," என்றார் என் கணவர்.

"படிச்ச ஆள்போல இருக்கிறீங்கள். கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?"

உண்மை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. "உங்கட பம்பு உடையாட்டி நாங்கள் ஏன் ஐயா தண்ணி ஊத்தப் போறம்?" என்று மட்டும் கேட்டேன். மனேஜருக்கு ஒரே பாட்டுத்தான். ஹெட் வரவேண்டும், கப்பல் வரவேண்டும், அடுத்த மாதம் வாருங்கள். கப்பல் வந்தபோது வேறு காரின் ஹெட் வந்தது. என் வீட்டு வாசலுக்கு நேரே அத்தனை கப்பல் நிற்கிறது, ஒன்றிலாவது ஒரு ஹெட் இல்லையா என்று அடுப்படியில் நின்று கத்தினேன்.

இவ்வளவுக்கும் அப்பா அங்கே பெருமை பேசிக்கொண்டு திரிந்தார். "நான் தண்ணி விட்டிராட்டி மகளின்ர கார் பத்தி எரிஞ்சிருக்கும்" என்று லாஞ்சியில் வருகிற எல்லோரிடமும் சொல்லி அனுப்பினார். கேட்கக் கேட்க எனக்கு மண்டை கொதிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம், அப்பாவாலதான் தப்பினம்" என்பேன். சில மாதங்களில் அந்தப் பேச்சு நின்றுபோனது. கார் வராத கோபமாக்கும் என்று நினைத்தேன்.

ஒருவழியாகக் கார் திருந்தி, ஊருக்குப் போனோம். அப்பா வெள்ளை வேட்டியோடு வேலிப் படலையில் நின்றார். முன்னைவிட மெலிந்திருந்தார். காலடியில் பெட்டி. பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய இரண்டு தகர கேன்கள். நான் ஓடிப்போய் ஒரு கேனின் மூடியைத் திருகினேன்.

"பயப்படாதை," என்றார். "கிணத்துத் தண்ணி. குடிச்சுப் பார், உப்பில்லை."

என் கணவர் நிலத்தைப் பார்த்தார். "ஆர் சொன்னது உங்களுக்கு?" என்றேன்.

"லாஞ்சியில வராத கதை எது பிள்ளை? கார் உடைஞ்சது என்னாலதான் எண்டு கேட்டதும், நீ வந்து ஏசுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீ வரேல்லை. உனக்கு ஏசாமல் இருக்க ஏலாதே. நீ ஏசாமல் விட்டதிலதான் நான் கிழவனாப் போனன் எண்டு தெரிஞ்சுது."

பெட்டியை நானே தூக்கி உள்ளே எறிந்தேன். அவரை முன் இருக்கையில் ஏற்றி, கதவை அடித்துச் சாத்தி, பின்னால் ஏறிக்கொண்டு தொடங்கினேன். எஞ்சின், உப்பு, கொழும்பு, மனேஜர், ஊரெல்லாம் அடித்த பெருமை, ஒன்றும் விடவில்லை. வழியில் உள்ள கங்கைத் துறை வரும்வரை மூச்சு விடாமல் ஏசினேன். அப்பா அம்மாவின் படத்தை மடியில் பிடித்தபடி, "ஓம் பிள்ளை, ஓம்" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.