பங்களாக் குளிருக்கு நிலக்கரி

பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவது பெரிய வேலை இல்லை. குளிர்கிறதா இல்லையா என்று பெரியவர்கள் முடிவு செய்யும் வரை காத்திருப்பதுதான் வேலை. அடுத்தவர் வீட்டுக்கு நெருப்பு மூட்டிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கலண்டர் குளிர்

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரி அடுப்பில் நின்ற என்னைத் துரை பங்களாவுக்கு மாற்றினார்கள். சீமையிலிருந்து பாய்லர் வந்திருந்தது. அதை மாத்தளை ஸ்டேஷனில் இறக்கி, மாட்டு வண்டியில் மேலே கொண்டுவந்து, அறைக்கு அறை இரும்புக் குழாய் போட்டு வெந்நீர் ஓட ஏற்பாடு செய்தார்கள். கங்காணி தேங்காய் உடைத்து, பாய்லருக்குத் திருநீறு பூசிப் பொட்டும் வைத்தார்.

அது ஆடி மாதம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. துரைசாணி இரண்டு கோட்டுப் போட்டும் நடுங்கினார். துரை மட்டும் நெருப்பு வைக்க விடவில்லை. அவர் ஊரில் நவம்பர் ஒன்றாம் தேதிதான் பாய்லர் மூட்டுவார்களாம்; ஆடியில் அங்கே வெயில் காலமாம். மூன்று மாதம் பாய்லரைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். சமையல்கார அப்புதான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "இந்த ஊர்க் குளிருக்குக் கலண்டர் பாக்கத் தெரியாது மாரிமுத்து. அதுக்கு நாம என்ன செய்றது?"

திறந்த ஜன்னல்

நவம்பர் பிறந்தது, நெருப்பு வைத்தேன். துரைக்கோ எந்நேரமும் சுத்தமான காற்று வேண்டும். பங்களாவில் ஒரு ஜன்னலையும் சாத்த விடமாட்டார். நான் அள்ளிப் போட்ட சூடெல்லாம் ஜன்னல் வழியே மலைக்குப் போனது. வீடு சூடாகவில்லை என்று ஏச்சு எனக்கு. ஜன்னலைச் சாத்திப் பார்க்கலாமே என்று ஒரு தரம் சொன்னேன். காற்றைப் பற்றிக் கரிக்காரன் பேசக்கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் விருந்துக்கு வருகிறார்கள், அன்றைக்கும் குளிர்ந்தால் மறுநாளே மண்வெட்டியோடு தேயிலை மலைக்கு வேலைக்குப் போ என்று உத்தரவு.

கங்காணியிடம் அழுதேன். அவர் சொன்னார்: "அந்தச் சூட்டுல ஜன்னலுக்குக் கீழ தேயிலக் கொழுந்து நல்லா வருதுடா. தொரைக்குத் தெரிஞ்சா மலை முழுக்கக் குழாய் போடச் சொல்லுவாரு."

தகாத இடம்

மண்வெட்டிக்கு நான் பயப்படவில்லை. என் மனைவி மருதாயிக்குப் பிள்ளை பிறந்து பதினெட்டு நாள். போன மழையில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், ஒழுகுகிற எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மூத்ததைச் சளிக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தோம். இதையும் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் பாய்லர் அறையில், கரிச் சாக்குகளுக்குப் பின்னால் பாய் விரித்துத் தாயையும் பிள்ளையையும் வைத்திருந்தேன். வேலை போனால் அந்த மூலையும் போய்விடும்.

விருந்தன்று, மழைக்கு ரத்தம் குடிக்கிற அட்டை ஜன்னல் வழியே ஏறுகிறது என்று அப்பு துரைசாணியைப் பயமுறுத்தி எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார். வீடு கதகதப்பானது. வந்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள். பெருமை தாங்காத துரை, பாய்லரைக் காட்ட எல்லாரையும் கீழே அழைத்து வந்தார். சாக்குக்குப் பின்னால் பிள்ளை அழுதது.

துரை முகம் சிவந்துவிட்டது. கரி, புகை, தூசி, இது மனிதர் இருக்கத் தகாத இடம், உடனே லயத்துக்கு அனுப்பு என்றார். விருந்தாளிகளும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். துரை முன்னால் வாய் திறந்தே அறியாத மருதாயி, பிள்ளையோடு எழுந்து நின்றாள்: "போறேங்க தொர. அதுக்கு முன்னாடி லயத்தையும் ஒருக்கா வந்து பாத்துட்டு, எது தகாத இடமுன்னு சொல்லுங்க."

துரை வரவில்லை. துரைசாணி போனார்; எங்கள் காம்பராவுக்குள்ளேயே குடையை மடக்க முடியாமல் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். துரையிடம் என்ன பேசினாரோ தெரியாது. மறுநாள் பாய்லர் அறைக் கதவில், இங்கே மனிதர் தங்கக்கூடாது என்று ஒரு பலகை மாட்டினார்கள். உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெப்ரவரி முடியும் வரை அந்தப் பலகைக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம், பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தாள்.

ஆகவே, அடுத்தவருக்கு நெருப்பு மூட்டுகிறவர்களே, சொந்தப் பிள்ளைக்குச் சூடு வேண்டுமென்றால் மனிதர் இருக்கத் தகாத இடமாகப் பார்த்துக் குடிபோங்கள்.